போதும் என்று சொல்லுகிறவன்

செப்டம்பர் 3

பாருக்குப் புது ஆள் வந்திருக்கிறான். பெயர் ஜெனிஷ், நாகர்கோவில்காரன், முப்பது வயது இருக்கும். பயணிகள் கப்பலில் மது ஊற்றியவனாம். "கப்பலே ஆடற எடத்துல ஆடாம ஊத்துன கை" என்று முதலாளி அறிமுகப்படுத்தினார். நான் திருப்பூரில், இதே ஹோட்டலில், பத்தொன்பது ஆண்டுகளாக ஊற்றுகிறேன். இந்தக் கட்டடம் ஆடுவதில்லை. அதற்கு நான் பொறுப்பல்ல.

பக்கத்து ஊரில் ஒரு பாருக்கு உரிமம் போய்விட்டதாம். நிற்க முடியாத ஒருவருக்கு மேலும் ஊற்றி, அவர் கையில் பைக் சாவியையும் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அதனால் இனி நம் பாரில் எல்லாம் சட்டப்படி. சட்டத்தை ஜெனிஷ் சொல்லித் தருவான்.

முதலாளி இன்னொரு செய்தியும் சொன்னார். தீபாவளி கழிந்ததும் மொட்டை மாடியில் புது பார் திறக்கிறார்கள். அதற்கு மேனேஜர் நம்மில் ஒருவர். "நம்மில் ஒருவர்" என்றபோது என்னைப் பார்த்தார். பிறகு ஜெனிஷையும் பார்த்தார். அந்தப் 'பிறகு' எனக்குப் பிடிக்கவில்லை.

என் மனைவி பூங்கொடி இன்னும் தாராபுரத்தில்தான் இருக்கிறாள். அவள் அக்காவுக்கு முழங்கால் வலி. ஆடி மாதம் பார்க்கப் போனவள். பொல்லாத முழங்கால். ரசம் வைத்துச் சாப்பிட்டேன்.

செப்டம்பர் 5

மதியம் வகுப்பு. தமிழ் எம்.ஏ. படித்த என்னை முன் வரிசையில் உட்கார வைத்து ஜெனிஷ் பாடம் நடத்தினான். இருபத்தொரு வயது ஆகாதவருக்கு ஊற்றக் கூடாது. ஏற்கெனவே போதையில் இருப்பவருக்கு ஊற்றக் கூடாது. நேரம் முடிந்தபின் ஊற்றக் கூடாது. அளந்துதான் ஊற்ற வேண்டும், கூடவும் கூடாது குறையவும் கூடாது. ஊற்றுவதற்கு ஆள் எடுத்த இடத்தில் ஊற்றக் கூடாததையே பாடமாக வைத்திருக்கிறார்கள்.

வேலை செய்கிறவர்களைப் பற்றியும் ஏதோ ஒரு விதி சொன்னான். நான் அப்போது ஐஸ் எடுக்கப் போயிருந்தேன்.

அளவு விஷயத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. நான் பெக் மெஷர் என்ற அளவுக் குவளையைத் தொட்டவனே அல்ல. என் கைதான் அளவு. வேண்டியவர்களுக்கு அளவுக்கு மேல் கொஞ்சம் கொசுறு விழும். காய்கறிக்காரர் கறிவேப்பிலை போடுவதில்லையா? அவரைப் பிடித்து யாரும் வகுப்பு நடத்துவதில்லை.

செப்டம்பர் 6

மாவு புளித்துவிட்டது. தலைவலி. வெயில்.

செப்டம்பர் 9

ஒரு தாடிக்காரர் வந்து பீர் கேட்டார். அந்தத் தாடி ஒன்றே போதுமான அத்தாட்சி என்பது என் எண்ணம். ஜெனிஷ் குறுக்கே வந்தான்.

"தம்பி, ஆதார் இருக்கா?"

"ஏனுங், பீருக்கெல்லாமா ஆதாரு? எங்கப்பா யாருன்னு தெரியுங்களா?"

"அது ஆதார்லயே இருக்கும்லா, காட்டுங்க."

பார்த்தால் பத்தொன்பது வயது. பழச்சாறு கொடுத்து அனுப்பினான். அரைமணி நேரத்தில் அப்பாவே வந்துவிட்டார். மூன்று பனியன் கம்பெனி வைத்திருப்பவர். ஜெனிஷின் கதை முடிந்தது என்று நினைத்துக் கொஞ்சம் ஓரமாக நின்றேன், எல்லாம் நன்றாகத் தெரியும் என்பதற்காக. அவர் ஜெனிஷின் கையைப் பிடித்து, "நல்லா இருப்பீங்க தம்பி" என்றார். தன் கம்பெனியின் டி-ஷர்ட் இரண்டு கொடுத்துவிட்டுப் போனார்.

பத்தொன்பது ஆண்டுகளில் எனக்கு ஒரு கைக்குட்டை வந்ததில்லை.

கடை மூடும் முன் புதுப் பாட்டிலைத் திறந்து ருசி பார்த்தேன். சமையல்காரர் உப்புப் பார்ப்பதில்லையா, அதே கடமைதான்.

செப்டம்பர் 13

நாச்சிமுத்து அண்ணாவைப் பற்றி எழுத வேண்டும். நிட்டிங் மில் முதலாளி. மனைவி இல்லை, மகன் வெளிநாட்டில். வாரத்தில் ஐந்து நாள் வருவார், ஜன்னலோர டேபிள். அவருக்குச் சோடா எவ்வளவு, கடலையில் வெங்காயம் வேண்டுமா வேண்டாமா என்பதெல்லாம் அவர் மகனுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அவர் என் வாடிக்கையாளர். இந்த ஊரில் நான் என்னுடையது என்று சொல்லக்கூடியவை குறைவு.

இன்று மூன்று லார்ஜ் முடித்து நாலாவது கேட்டார். நான் பாட்டிலை எடுத்துவிட்டேன். ஜெனிஷ் அவர் பக்கத்தில் போய்க் குனிந்து, பக்கத்து டேபிளுக்குக் கேட்காத குரலில் சொன்னான்:

"அண்ணாச்சி, இன்னைக்கு இது போதும். நாளைக்கும் நான் இங்கதான் இருப்பேன். நீங்களும் இருக்கணும்லா."

எனக்கு உள்ளே குளிர்ந்துவிட்டது. அண்ணா போன வருடம் ஆம்லெட்டில் மிளகு இல்லை என்று தட்டை விட்டெறிந்தவர். எறிவதற்கு வசதியாக டேபிளில் ஒரு தட்டும் இருந்தது.

அவர் ஜெனிஷை நிமிர்ந்து பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

"எங்கம்மா போனதுக்கப்பறம் என்னையப் பாத்துப் போதும்னு சொன்ன ஆளே இல்லீங் தம்பி" என்றார்.

லைம் சோடா குடித்தார். சாவியைத் தானாகவே எடுத்துக் கொடுத்தார். ஜெனிஷ் டிரைவரை வரச்சொல்லி அனுப்பினான். போகும்போது அண்ணா என்னிடம், "கொழந்த, தங்கமான பையன்டா இவன்" என்றார்.

குழந்தைவேல் என்ற என் பெயரை அவர் 'கொழந்த' என்று கூப்பிடுவதை இதுவரை செல்லம் என்றுதான் நினைத்திருந்தேன்.

செப்டம்பர் 14

அண்ணா இன்று ஜன்னலோரம் உட்காரவில்லை. ஜெனிஷ் நிற்கிற பக்கமாக உட்கார்ந்தார். அந்த இடத்தில் ஏ.சி. சரியாக வராது.

செப்டம்பர் 19

இப்போது ஒரு கூட்டமே சேர்ந்துவிட்டது. ஜெனிஷ் 'போதும்' சொன்னவர்கள் எல்லாம் எட்டாம் நம்பர் டேபிளில் கூடுகிறார்கள். லைம் சோடாவும் சுண்டலும் வைத்துக்கொண்டு, டிரைவர் வரும்வரை கதை பேசுகிறார்கள். நாச்சிமுத்து அண்ணா, ஒரு டாக்டர், சாயப்பட்டறைக்காரர் ஒருவர். குடித்துக்கொண்டிருந்தபோது அவர்கள் இவ்வளவு சிரித்து நான் பார்த்ததில்லை.

"உங்களுக்கு எத்தனையில நிறுத்துனாப்டி?"

"ரெண்டுங்."

"ரெண்டுலயேவா! அப்ப உங்க மேல பாசம் ஜாஸ்திங்."

காதால் கேட்டதை அப்படியே எழுதியிருக்கிறேன். மறுக்கப்படுவதற்கு இந்த ஊரில் போட்டி. நான் ஆயிரக்கணக்கான பாட்டில்களைத் தலைகீழாகக் கவிழ்த்தவன். ஊற்றியவனை யாரும் நினைவில் வைப்பதில்லை, நிறுத்தியவனைக் கொண்டாடுகிறார்கள்.

எனக்கு ஜெனிஷ் மேல் எந்த வருத்தமும் இல்லை. கோயமுத்தூரிலிருந்து யாராவது அவனை நல்ல சம்பளத்துக்குக் கூப்பிட்டால் மிகவும் சந்தோஷப்படுவேன்.

பூங்கொடி போன் எடுக்கவில்லை. முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருப்பாள்.

செப்டம்பர் 24

ஜெனிஷ் சாப்பிடப் போன நேரம் பார்த்து அண்ணாவுக்கு நானே ஊற்றினேன், என் கையால், பழைய பாசத்தோடு. கணக்குக்கு மூன்று லார்ஜ்தான். ஆனால் ஒவ்வொன்றிலும் கொசுறு தாராளமாக விழுந்தது. உண்மையைச் சொன்னால் கொசுறுதான் லார்ஜ், லார்ஜ்தான் கொசுறு. இன்று அவர் என்னை நினைப்பார் என்று நம்பினேன்.

படியில் இறங்கும்போது உருண்டுவிட்டார். முழங்கை கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம். டிரைவர் கீழே நின்றதால் தலை தரையில் மோதாமல் தாங்கிப் பிடித்தார். சாப்பிடப் போகும் முன்பே அந்த டிரைவரை வரச்சொல்லியிருந்தது ஜெனிஷ்.

வீட்டுக்கு வந்தபின் கை கொஞ்சம் படபடத்தது. மருந்தாக ஒரு வாய்.

செப்டம்பர் 25

ஜெனிஷ் என்னை ஸ்டோர் ரூமுக்குக் கூப்பிட்டான்.

"அண்ணே, மூணு லார்ஜுக்கு அவங்க அப்படித் தடுமாற மாட்டாங்கல்லா?"

"வயசாயிருச்சு அவருக்கு."

"பாட்டில்ல குறைஞ்சது மூணு லார்ஜ் இல்லண்ணே."

நான் பாட்டில்களின் ஆவியாதல் குறித்துச் சில வார்த்தைகள் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான்.

"முதலாளிட்ட சொல்லல. இனி அளந்து ஊத்துங்க. எண்ணிக்கையைப் பாத்துத்தான் நான் நிறுத்துகேன். நீங்க கூட ஊத்தினா என் எண்ணிக்கை பொய்யாயிரும். அண்ணாச்சி தலை போயிருக்கும், பாத்துக்கிடுங்க."

ஒருவன் என்னைக் காட்டிக்கொடுத்தால் அவனை வெறுக்கலாம், மனதுக்கு இதமாக இருக்கும். இவன் அந்த வசதியையும் தரவில்லை.

மாலையில் அண்ணா கையில் கட்டோடு வந்தார். "மூணுக்கே சாஞ்சுட்டேன் கொழந்த. இனி ரெண்டுதான்" என்றார். அப்புறம் எட்டாம் டேபிளுக்குப் போய் ஜெனிஷின் தோளைத் தட்டி, "தம்பி, உன்ற புண்ணியத்துல கொறைச்சுட்டேன்" என்றார்.

என் கொசுறால் குறைந்த குடிக்கும் நன்றி அவனுக்கே போனது.

அக்டோபர் 1

ஆயுத பூஜை. எல்லோரும் தங்கள் கருவியை வைத்தார்கள். சமையல்காரர் கத்தி, கேஷியர் கால்குலேட்டர், வாட்ச்மேன் விசில். ஜெனிஷ் பெக் மெஷரைத் துடைத்து வைத்தான். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன், இருந்தாலும் கும்பிட்டான். முதலாளி அந்தப் பெக் மெஷருக்குச் சந்தனம் வைத்து, அதன் மேல் குங்குமமும் வைத்தார்.

"கொழந்தவேலு, உங்குளுது எங்கீங்?" என்றார்.

என் கருவி என் கை. கையைக் கொண்டுபோய்த் தேங்காய்க்கும் பூசணிக்காய்க்கும் நடுவில் வைக்க முடியாது. பாட்டில் ஓப்பனரைத் தேடி எடுத்து வைத்தேன். குங்குமம் அதுவரைக்கும் மிச்சம் வரவில்லை.

அக்டோபர் 2

காந்தி ஜெயந்தி. சட்டப்படி பார் மூடியிருந்தது. வீடு மூடியிருக்க வேண்டும் என்று சட்டத்தில் இல்லை.

அக்டோபர் 7

முதலாளி இந்த வாரம் முடிவு செய்வார் என்று கேஷியர் சொன்னார். ஜெனிஷைப் பற்றி முதலாளி, "சட்டத்துல ஒரு சொட்டுத் தப்ப மாட்டாப்ல" என்றாராம்.

சொட்டுத் தப்புமா என்பதைச் சோதித்துப் பார்ப்பது ஓர் ஊழியனின் கடமை. நாளை மறுநாள் வியாழக்கிழமைக்கு விடுமுறை சொல்லியிருக்கிறேன். அன்று வாடிக்கையாளராகப் போவேன். குடித்தவன் போல நடிப்பேன். நான் சீனியர், அவனை விட மூத்தவன், மறுக்கக் கூச்சப்பட்டு ஊற்றிவிடுவான். போதையில் இருப்பவருக்கு ஊற்றினான் என்று நான் மறுநாள் காலையில் முதலாளியிடம் வருத்தத்தோடு தெரிவிப்பேன். அந்த வருத்தத்தை இப்போதே பழகி வைத்திருக்கிறேன்.

அக்டோபர் 9, மதியம்

ஒத்திகை. கண்ணாடி முன் நின்று தள்ளாடிப் பார்த்தேன். இயல்பாக இல்லை, பள்ளிக்கூட நாடகம் போல இருந்தது. நல்ல நடிகன் பாத்திரத்துக்குள் இறங்க வேண்டும். கொஞ்சம் இறங்கினேன். நாக்கு குழறும் இடம் நன்றாக வருகிறது. இன்னும் ஒரு முறை பார்த்துவிட்டால் போதும்.

அதே நாள், நாலு மணிக்கு மேல்

நடை மிக இயல்பாக வருகிறது. பூங்கொடி இருந்திருந்தால் மெச்சியிருப்பாள்.

அக்டோபர் 10

நேற்று நடந்ததை இருந்தபடியே எழுதுகிறேன்.

திட்டம் இதுதான். உள்ளே போகும்போது நிதானமாகப் போவது. முதல் லார்ஜை ஒழுங்காக வாங்கிக் குடிப்பது. அதன்பின் நடிப்பைத் தொடங்கி இரண்டாவது கேட்பது. அதன்படி மிக நிதானமாக உள்ளே போய், மிக நேராக உட்கார்ந்து, மிகத் தெளிவாக ஒரு லார்ஜ் கேட்டேன்.

ஜெனிஷ் பாட்டிலை எடுக்கவில்லை. சுற்றிவந்து என் பக்கத்தில் குனிந்தான்.

"அண்ணே, இன்னைக்குப் போதும்."

"நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை" என்றேன். நான் சொன்னது நடிப்பை.

"வாசல்ல வரும்போதே பாத்தேன். நாற்காலி இல்லாத இடத்துல உக்காரப் போனியளே."

"அது நடிப்பு."

"நடிச்சா இவ்ளோ நல்லா வராதுண்ணே."

எனக்குக் கோபம் வந்தது. சீனியர் என்றேன். பத்தொன்பது ஆண்டு என்றேன். எம்.ஏ. என்றேன். அவன் என் கையின் மேல் கையை வைத்தான். பத்தொன்பது ஆண்டுகள் அளந்த கை, அது மேஜை மேல் தனியாக ஆடிக்கொண்டிருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

"வந்த அன்னைக்கே தெரியும்ணே. ருசி பாக்கேன்னு சொல்லுவியளே, எல்லாம் எண்ணிக்கிட்டுதான் இருந்தேன். வேலையில இருக்கவன் குடிக்கப்பிடாதுன்னு வகுப்புல சொன்னேம்லா. நீங்க ஐஸ் எடுக்கப் போனிய. ஐஸ் பெட்டி நிறைய ஐஸ் இருந்துச்சு."

நான் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"ஒரு மாசம் பாப்பேன். நீங்க நிறுத்தலன்னா முதலாளிட்டச் சொல்லியாகணும். லைசென்ஸ் போனா இங்க இருக்க அத்தனை பேர் சோறும் போயிரும்." அப்புறம் குரலைத் தாழ்த்தி, "நாளைக்கும் நான் இங்கதான் இருப்பேன். நீங்களும் இருக்கணும்லா" என்றான்.

அதே வாக்கியம். எல்லோருக்கும் அதையே சொல்கிறான், புதிதாக ஒன்றும் இல்லை. என் மேல் விழுந்தபோது அது புதிதாக இருந்தது. எனக்கு எத்தனை ஆயிற்று என்று இதுவரை யாரும் எண்ணியதில்லை. நானே எண்ணியதில்லை.

எட்டாம் டேபிளிலிருந்து நாச்சிமுத்து அண்ணா எழுந்து வந்து என் தோளைப் பிடித்தார்.

"உனக்கு எத்தனையில நிறுத்துனாப்டி கொழந்த?"

"ஒன்றுகூட ஊற்றவில்லை."

"ஒண்ணுமே இல்லாமயா!" என்று டேபிள் பக்கம் திரும்பிச் சத்தமாகச் சொன்னார். "ஏனுங், கேட்டீங்களா? கொழந்தைக்கு ஒண்ணுலயே நிறுத்திப்போட்டாப்ல, அதும் ஊத்தறதுக்கு முன்னாலயே!"

டாக்டர் எழுந்து நாற்காலி போட்டார். அந்த டேபிளில் நானும் உட்கார்ந்தேன். லைம் சோடாவில் உப்புக் கூடுதல். அதை நான் சொல்லவில்லை.

அக்டோபர் 11

டாக்டர் தன் கிளினிக்குக்கு வரச்சொன்னார். திடீரென்று நிறுத்தினால் உடம்பு முரண்டு பிடிக்கும், மருந்தோடு நிறுத்த வேண்டும் என்றார். மாத்திரை கொடுத்திருக்கிறார். ஜெனிஷ் கூட வந்தான். காத்திருந்தபோது என்னிடம் எண் வாங்கி, என் பக்கத்தில் இருந்தே பூங்கொடிக்குப் போன் போட்டுப் பேசிவிட்டான். அவன் எண்ணிலிருந்து அழைத்தால் எடுக்கிறாள்.

பிறகு என்னிடம் கொடுத்தான்.

"நானும் வருசக்கணக்கா இதையேதானுங்க சொன்னேன்" என்றாள். "நான் சொன்னா நச்சரிப்பு. அந்தத் தம்பி ஒரே ஒருக்கா சொன்னா ஆஸ்பத்திரி வரைக்கும் போறீங்க. எனக்கு அந்தத் தம்பி மேல பொறாமையா இருக்குது."

"எனக்கும்தான்" என்றேன்.

அவள் சிரித்தாள். நாங்கள் இருவரும் ஒரே விஷயத்தில் ஒரே கருத்தாக இருந்து வெகு காலம் ஆகிவிட்டது.

முழங்காலைப் பற்றிக் கேட்டேன். இன்னும் மடக்க வரவில்லையாம்.

அக்டோபர் 16

மாடி பாருக்கு ஜெனிஷ்தான் மேனேஜர். கீழே பழைய பார் என் பொறுப்பில். முதலாளி சொல்லும்போது நான் கை தட்டினேன். கை முன்பு போல ஆடவில்லை, தட்டல் சரியாக விழுந்தது. வயிற்றில் எரிந்ததற்கு மாத்திரை காரணமாக இருக்கலாம்.

மாடிக்குப் போகும் முன் ஜெனிஷ் பெக் மெஷரை என்னிடம் கொடுத்தான். ஓரத்தில் குங்குமம் இன்னும் ஒட்டியிருக்கிறது.

அக்டோபர் 20

தீபாவளி. எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். பூங்கொடி வரவில்லை. பஸ்ஸில் முறுக்கு கொடுத்தனுப்பியிருந்தாள். வீட்டில் தேடி எடுத்த பாட்டில்களைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டேன். "யார் வீட்டுக் கல்யாணமுங்?" என்று கேட்டார்.

அக்டோபர் 29

முதல் முறையாக இன்று நான் ஒருவருக்கு 'போதும்' சொன்னேன்.

ஈரோட்டு ஜவுளி வியாபாரி. மூன்று முடித்து எழுந்தபோது சுவரைப் பிடித்தார், பிறகு அதனிடம் மன்னிப்புக் கேட்டார். நான் பக்கத்தில் போய்க் குனிந்தேன். ஜெனிஷின் வாக்கியத்தை எடுக்கக் கூடாது என்று பிடிவாதமாக இருந்தேன். எனக்கென்று ஒன்று யோசித்து வைத்திருந்தேன், இலக்கிய நயத்தோடு. வாயைத் திறந்தால் அவனுடையதுதான் வந்தது.

அவர் என்னைத் திட்டினார். என் அப்பாவைத் திட்டினார். சாவியைக் கொடுக்க மாட்டேன் என்று சட்டைக்குள் போட்டுக்கொண்டார். அது சட்டையின் கீழ்வழியாகத் தரையில் விழுந்தது. நான் எடுத்துவைத்துக்கொண்டு டாக்சி பிடித்து ஏற்றிவிட்டேன். சுண்டல் தட்டு ஒன்று உடைந்தது.

ருசி பார்க்கிற நேரம்தான். பாட்டிலை மூடி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு எட்டாம் டேபிளுக்குப் போய் உட்கார்ந்தேன்.

அக்டோபர் 30

ஈரோட்டுக்காரர் சாவி வாங்கத் திரும்பி வந்தார். முகம் கழுவி, திருநீறு பூசி, கையில் ஒரு பெட்டி இனிப்போடு. வழியில் லாரி ஒன்று கவிழ்ந்து கிடந்ததாம். நேற்று வண்டி ஓட்டியிருந்தால் என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை.

"எனக்குப் போதும்னு சொன்ன தம்பி எங்கீங்? நாகர்கோயிலுப் பையன்னு சொன்னாங்க."

"சொன்னது நான்தான்" என்றேன்.

என்னை மேலும் கீழும் பார்த்தார். "வெளையாடாதீங்கண்ணா" என்று சிரித்துவிட்டு, இனிப்போடு மாடிக்குப் போனார்.

கொஞ்ச நேரத்தில் ஜெனிஷ் அவரையும் பெட்டியையும் கூட்டிக்கொண்டு இறங்கி வந்தான். "சார், இவங்கதான். நான் நேத்து லீவுலா" என்றான். ஈரோட்டுக்காரர் மறுபடியும் என்னைப் பார்த்தார். நம்பியதாகத் தெரியவில்லை. மரியாதைக்காகப் பெட்டியை என் கையில் கொடுத்தார். மைசூர்பாகு. ஒரு வரிசை குறைந்திருந்தது, மாடியில் தின்றிருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து பூங்கொடிக்குப் போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள். நடந்ததைச் சொன்னேன். தட்டு உடைந்ததையும் சொன்னேன், அப்பாவைத் திட்டியதையும் சொன்னேன்.

"நெசமாலுமே நீங்களா சொன்னீங்க?" என்றாள்.

"நான்தான்."

"அப்பறம் நீங்க? ஊத்திக்கலையா?"

"மாத்திரை. ரசம் சோறு. மைசூர்பாகு."

பின்னால் அவள் அக்கா யாரையோ அதட்டிக்கொண்டு விறுவிறுவென்று நடக்கும் சத்தம் தெளிவாகக் கேட்டது.

"அக்காவுக்கு முழங்கால் இப்பக் கொஞ்சம் தேவலைங்க" என்றாள் பூங்கொடி. "ஞாயித்துக்கிழமை வந்து பாக்கறேன்."